கோபித்துக்கொண்ட காஸ் அடுப்பு

என் மனைவிக்கு இளைப்பு. கரிப்புகை கொஞ்சம் பட்டால் போதும், நெஞ்சுக்குள் விசில் கேட்கும். பர்மாவில், மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் நாங்கள் இருந்தது மூன்றாம் மாடி. ரயில் பெட்டி போல நீளமான வீடு. முன்னால் வாசல், பின்னால் ஒரே ஒரு ஜன்னல், அந்த ஜன்னலடியில் சமையல். கரண்டு அடுப்பை நம்பிப் பிரயோஜனமில்லை. மீ வரும், போகும். கரண்டை ‘மீ’ என்று பர்மாக்காரர்கள் சொல்வதுபோலத்தான் நாங்களும் சொல்வோம். அதனால் வருஷக்கணக்காக அவள் கரியடுப்பில் வெந்தாள். ராத்திரிகளில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டே தூங்குவாள்.

இனி புகையில் நிற்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான் காஸ் அடுப்பு வாங்கினேன். நீலத் தீ, புகை கிடையாது. வந்த கொஞ்ச நாளில் அவள் தலையணையில் தலை வைத்துப் படுத்துத் தூங்கினாள். அதைப் பார்த்து எனக்குத்தான் தூக்கம் போனது, சந்தோஷத்தில்.

அப்படி இருந்த அடுப்பு ஒரு மழைக்காலத்தில் கெட்டது. முதலில் தீயின் நுனி மஞ்சளானது. அப்புறம் பாதிக்கு மேல் சிவப்பு. பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தது. அவளுடைய நெஞ்சில் விசிலும் திரும்ப வந்தது. மறுபடி சுவரில் சாய்ந்து உட்கார ஆரம்பித்தாள்.

எனக்குச் சும்மா இருக்க வராது. ஒரு பொருள் மக்கர் செய்தால் எனக்குச் சோறு இறங்காது. அலோன் துறைமுகக் கிடங்கில் சரக்குப் பார்க்கிற வேலை எனக்கு. அங்கே நின்றாலும் புத்தி அடுப்பில்தான் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்குப் போவேன். ரப்பர் குழாயில் சோப்புத் தண்ணீர் தடவி எங்காவது குமிழி வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. குழாயை மாற்றினேன். ரெகுலேட்டரை மாற்றினேன். தீ அதே சிவப்பு.

அடுத்தது காஸ்தான் என்று முடிவு கட்டினேன். சிலிண்டரைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மாடியும் இறங்கிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பர்மாக்காரர், என்னைவிட மூத்தவர். கோஜீ என்று கூப்பிடுவேன், நம் ஊர் அண்ணன் மாதிரி.

“கோஜீ, இதுல என்னத்தைக் கலந்தீங்க?” என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டுவிட்டேன்.

அவர் வாயிலிருந்த வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “இதே காஸ்தான் எதிர்த்த டீக்கடையில எரியுது. போய்ப் பாரு, எப்படி எரியுதுன்னு” என்றார் பர்மியத்தில்.

போய்ப் பார்த்தேன். நீலமாகத்தான் எரிந்தது. அதில் எனக்கு இன்னும் ஆத்திரம். சிலிண்டரைத் திரும்பத் தூக்கிக்கொண்டு ஏறினேன். மழைக்காற்று அடித்துத்தான் தீ சிவக்கிறது என்று பின் ஜன்னலை இழுத்துச் சாத்தி, கொக்கிக்குக் கயிறும் கட்டினேன்.

“ஜன்னலைத் தொறங்க, மூச்சு அடைக்குது” என்றாள்.

“காத்து உள்ள வந்தா தீ எப்படி நிக்கும்? கொஞ்சம் பொறு.”

“ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னுவாங்க. சும்மாவா சொன்னாங்க” என்று சொல்லிக்கொண்டே நெஞ்சைப் பிடித்தபடி வெளியே போனாள். மாடிப்படியில் உட்கார்ந்து இருமினாள். அந்த இருமலைக் கேட்கக் கேட்க எனக்கு அடுப்பைத் தூக்கிப் பின்சந்தில் எறியலாம் போலிருந்தது.

வியாழக்கிழமை கிடங்கிலிருந்து வந்தபோது, மூலையில் கிடந்த பழைய கரியடுப்பைத் துடைத்து வைத்திருந்தாள். “இதுலயே பொங்கிக்கறேன். நீங்க ஊரெல்லாம் சண்டை போட வேணாம்” என்றாள். அதைச் சொல்லி முடிக்கவே அவளுக்கு நடுவில் ஒருமுறை நிறுத்த வேண்டியிருந்தது. அந்தக் கரியடுப்பைக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். மறுநாள் வேலைக்குப் போவதில்லை, அடுப்பை அக்கக்காகப் பிரித்துப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் வீட்டில் இருந்ததே கிடையாது. விடிந்ததும் கிடங்குக்கு ஓடிவிடுவேன். அன்றைக்குத்தான் பார்த்தேன். தலைக்குக் குளித்துவிட்டு வந்தவள் அடுப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். ஒரு கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்தாள். வெள்ளிக்கிழமை அடுப்புக்குப் பொட்டு வைப்பது நம் வீடுகளில் இருக்கிற வழக்கம்தான். பக்கவாட்டில் மூன்று பொட்டு வைப்பாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளோ பர்னர் மூடியைக் கையில் எடுத்து, தீ வருகிற பொடிப்பொடித் துளைகளைச் சுற்றி மஞ்சளைக் கெட்டியாகப் பூசினாள். மேலே குங்குமத்தைத் தூவினாள். மூடியை வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“எத்தனை நாளா இப்படி?”

“வாங்கின நாள்லேர்ந்து வைக்கிறேன். முன்ன ஒரு பொட்டுதான். இப்ப கோவமா இருக்காருல்ல, செவந்து செவந்து எரியறாரே. அதான் கூடவே வைக்கிறேன். எனக்கு மூச்சு குடுத்தவருங்க இவரு. என்ன குத்தம் பண்ணேன்னு தெரியல.”

நான் மூடியை வாங்கினேன். ஊசி எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு துளையிலும் மஞ்சள் வெந்து கல்லாக இறுகியிருந்தது. அடியில், காற்றுப் போகிற வழியில், குங்குமம் கட்டிதட்டிப் போயிருந்தது. குத்திக் குத்தி எடுத்துத் தொட்டியில் கழுவினேன். தண்ணீர் மஞ்சளாக ஓடியது, அப்புறம் சிவப்பாக. அவள் பக்கத்தில் நின்று அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாரம் முழுக்கத் தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் கத்திய எனக்கு, அவள் முகத்தைப் பார்த்துக் கத்த வரவில்லை.

மூடியைத் துடைத்துப் பொருத்தி, பற்ற வைத்தேன். தீ நீலமாக, வட்டமாக நின்றது.

“அப்ப இவருக்குக் கோவமில்லையா?” என்றாள் மெதுவாக. கண் நிறைந்திருந்தது.

“கோவமெல்லாம் இல்ல. மூச்சு முட்டியிருக்கு. உனக்கு மாதிரியே.”

எழுந்துபோய் ஜன்னல் கொக்கியில் நான் கட்டிய கயிற்றை அவிழ்த்தேன். நானே போட்ட முடிச்சு, அவிழ மாட்டேன் என்றது. பல்லால் கடித்து இழுத்தேன். மழை ஈரத்தோடு காற்று உள்ளே வந்தது. தீ கொஞ்சம் அசைந்தது, ஆனால் நீலம் மாறவில்லை.

திரும்பினால் அவள் எதிரில் நிற்கிறாள். கிண்ணத்தில் மிஞ்சிய குங்குமம் விரல் நுனியில் இருந்தது. “அடுப்புக்குக் கோவமில்லேன்னா, இந்த வாரம் இந்த வீட்ல யாருங்க அவ்வளவு கோவமா இருந்தது?” என்று கேட்டு, என் நெற்றியில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள். சிரிக்கப் போய் இருமல் வந்தது. இருமிவிட்டு மறுபடியும் சிரித்தாள்.

நான் அதைத் துடைக்கவில்லை. மத்தியானம் அந்தப் பொட்டோடுதான் கோஜீயின் கடைக்குப் போய், தப்பு என் வீட்டு அடுப்பில்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.