முப்பத்திரண்டாம் அத்தியாயத்தைத் தேடி ஸ்ரீரங்கம் போன கதை

அந்த டி.வி. படம் மறுபடி ஒளிபரப்பானதிலிருந்து எனக்கு மின்னஞ்சல் வந்தபடி இருக்கிறது. புகழ்பெற்ற ஒரு தொடர்கதையில் ஏழே இடங்களில் தலைகாட்டும் பரிசல்காரி மருதாயியை நாயகியாக்கி எடுத்த படம் அது. அதற்கு மூலம் நான் எழுதிய மேடை நாடகம். மருதாயியின் காவிரியைப் பார்க்க ஸ்ரீரங்கம் போகவேண்டும், வழி சொல்லுங்கள் என்கிறார்கள். சொல்கிறேன். ஆனால் நான் அன்று போனது ஊர் பார்க்க இல்லை; மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள. 1964, தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை.

மறுநாள் மாலை ஆறு மணிக்குத் தஞ்சாவூரில் நாடகம் அரங்கேற்றம். எனக்கு இருபத்து மூன்று வயது, முதல் நாடகம். கதையின் பாதியில் காணாமல் போகும் மருதாயி பிறகு என்ன ஆனாள் என்பதைத்தான் எழுதியிருந்தேன். என் நாடகத்தில் அவள் ஸ்ரீரங்கத்துக் காவிரிப் படித்துறையான அம்மா மண்டபத்துக்குப் பக்கத்தில் இட்லிக்கடை வைத்துப் பிழைக்கிறாள். வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு, வசனம் எடுத்துக்கொடுப்பவருக்குக் காய்ச்சல் என்று ரங்கன் என்ற புது ஆள் வந்தார். இரண்டாம் காட்சியில் நோட்டை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏங்க, மருதாயிதான் ஆத்தோட போயிட்டாளே? முப்பத்திரண்டாம் அத்தியாயத்துல வருதே?"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தக் கதை அப்போது புத்தகமாக வந்திருக்கவில்லை. வாராவாரம் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து பைண்டு செய்ததைத்தான் எல்லாரும் வைத்திருந்தோம். வீட்டுக்கு ஓடிப்போய் எங்கள் பிரதியைப் புரட்டினேன். முப்பத்தொன்று, அடுத்து முப்பத்து மூன்று! அந்த வாரம் கடைசிப் பக்கத்தின் பின்னால் ஸ்வெட்டர் பின்னும் முறை வந்ததாம். பெரியம்மா அத்தியாயத்தோடு சேர்த்துக் கிழித்துக்கொண்டு போயிருக்கிறார். தஞ்சாவூர் வெயிலில் ஸ்வெட்டர்! நானோ அந்தக் கதையைக் கரைத்துக் குடித்தவள் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

எழுதியவரைக் கேட்கலாம் என்றால் அவர் காலமாகிவிட்டார். உள்ளூரில் யாரிடமாவது பிரதி கேட்டால் என் குட்டு வெளிப்பட்டுவிடும். ஸ்ரீரங்கத்தில் இருக்கும் தன் அக்கா முழுக் கதையையும் பைண்டு செய்து வைத்திருப்பதாக ரங்கன் சொன்னார். நாடகத்துக்கு வரப்போகிறவர்கள் எல்லாரும் அந்தக் கதையை வரிவிடாமல் படித்தவர்கள். செத்தவளை மேடையில் இட்லி அவிக்க விட்டால் சிரிப்பாய்ச் சிரித்துவிடுவார்கள்.

காலை 6.10 பாசஞ்சர். திருச்சி ஜங்ஷன் ஐம்பது கிலோமீட்டர், மூன்றாம் வகுப்பு ஒரு ரூபாய் பத்து பைசா. இரண்டு மணி நேரம் ஊர்ந்தது. ஜங்ஷன் வாசலில் 8.35க்கு ஸ்ரீரங்கம் பஸ், ஒன்பது கிலோமீட்டர், இருபது பைசா. இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கண்டக்டரை மூன்று முறை கேட்டுவிட்டேன்.

"அரை மணி ஆகுங்க. பெருமாள் எங்கயும் எழுந்து போயிட மாட்டாரு, பதறாம உக்காருங்க" என்றார்.

காவிரிப் பாலத்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பாதி ஆற்றுக்குத் தண்ணீர். மற்றவர்கள் கும்பிட்டார்கள், நான், இதிலா போனாள் என்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று நீங்கள் அண்ணாந்து பார்க்கும் ராஜகோபுரம் அன்று மொட்டைக் கோபுரம். அதன் பக்கத்தில் இறங்கி, உள்ளே பத்து நிமிடம் நடந்தால் உத்தர வீதி.

ரங்கனின் அக்கா வேதா மாமிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வாசலிலேயே விஷயத்தைக் கொட்டினேன்.

"மருதாயி செத்துட்டான்னு வருமே, அந்த அத்தியாயமா?" என்றார் மாமி.

அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவர் கனமான பைண்டை எடுத்துவந்து, பக்கத்தைத் திருப்பி என் மடியில் வைத்தார். பரிசல் கவிழ்ந்தது, மருதாயி போய்விட்டாள், என் கண்ணால் பார்த்தேன் என்று கதையின் நாயகியிடம் வில்லன் பண்ணையார் சொல்கிறார். அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் அழுத்தி ஒரு சொல்: பொய்!

"யார் மாமி எழுதினது?"

"நான்தான். அந்தப் பண்ணையார் முதல் அத்தியாயத்துலேர்ந்து ஒரு வார்த்தை நிஜம் பேசியிருக்கானா? உயிலைப் பத்திப் பொய், கல்யாணத்தைப் பத்திப் பொய். இது மட்டும் நிஜமாக்கும்! பரிசல்காரிக்கு நீஞ்சத் தெரியாதா என்ன?"

அத்தியாயத்தை மூன்று முறை படித்தேன். வேறு யாரும் பார்க்கவில்லை. உடல் கிடைக்கவில்லை. பண்ணையார் சொன்னாரே தவிர, கதாசிரியர் தன் வாயால் சொல்லவே இல்லை. அப்பாடா! வெள்ளிக்கிழமை போன மூச்சு அப்போதுதான் திரும்பி வந்தது. மாமி போட்ட தோசைகளை எண்ணாமல் சாப்பிட்டேன், பெருமாளைச் சேவித்தேன், மத்தியானம் 2.15 வண்டியில் தஞ்சாவூர் வரை வாயைத் திறந்துகொண்டு தூங்கினேன்.

இப்போது போகிறவர்களுக்கு: ஜங்ஷனிலிருந்து பஸ் அடிக்கடி இருக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள், உச்சி வெயிலில் கோயில் கல்தரை காலைப் பொசுக்கிவிடும். கோயிலுக்கு முன்பு அம்மா மண்டபத்தில் இறங்கி ஆற்றைப் பாருங்கள். அங்கே மருதாயியின் இட்லிக்கடை எது என்று யாரையும் கேட்டு வைக்காதீர்கள். அது நான் கட்டிய கடை.

ஞாயிறு மாலை திரை விலகி மருதாயி வந்ததும் கொட்டகையில் சலசலப்பு. அவள் இடுப்பில் கைவைத்து, நான் புதிதாகச் சேர்த்த வசனத்தைச் சொன்னாள்: "நான் செத்துட்டேன்னு பண்ணையார் சொன்னாராமே! அவர் சொல்லி எது நெசமாச்சு?" கைதட்டல் அடங்க நேரமாயிற்று. டி.வி. படமும் அந்த வசனத்தில்தான் தொடங்குகிறது. எல்லாரும் என்னைப் பாராட்டுகிறார்கள்.

படம் முதலில் ஒளிபரப்பானபோது ஸ்ரீரங்கம் போய் மாமியோடு உட்கார்ந்து பார்த்தேன். இதெல்லாம் உங்கள் யோசனைதான் மாமி என்றேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என் யோசனை என்னடி இதுல? அவன் பொய் சொன்னான். அவ உயிரோட இருந்தா. அவ்வளவுதான்."