மெத்தைக்காரர் போட்ட எஸ்பிரசோ

மெத்தைக்காரருக்கு அன்று விடியற்காலையில் கால் தரையில் பாவவில்லை. கடைவீதியிலிருந்து வாங்கி வந்த எஸ்பிரசோ பாத்திரம் அடுப்பு மேடையில் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. அடியில் தண்ணீர், நடுவில் சல்லடைக் கிண்ணத்தில் காபித்தூள், மேலே காபி ஏறி நிற்கும் ஜாடி. திருகி மூடி அடுப்பில் வைத்தால் வேலை முடிந்தது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

காபிமேல் அப்படியென்ன பைத்தியம் என்றால், பைத்தியம் காபிமேல் இல்லை. அவர் மனைவி பஸ் டிரைவர். விடியுமுன் கிளம்பி, டிப்போ வாசல் கடையில் எஸ்பிரசோ குடித்துவிட்டுத்தான் வண்டியைத் தொடுவாள். அவள் திரும்பும்போது இவர் மெத்தை தைக்கிற பட்டறையில் இருப்பார். இவர் திரும்பும்போது அவள் தூங்கிப்போயிருப்பாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு மனைவியைப் பார்க்க ஏங்குகிற மனிதர் அவர்.

"வீட்ல அந்த ருசி வராதுங்க. வரவச்சுக் காட்டுங்க, உக்காந்து குடிச்சிட்டுப் போறேன்," என்று அவள் விளையாட்டாகச் சொன்னதை இவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

ஆனால் அவர் கை திணித்துப் பழகிய கை. ஒரு பிடி பஞ்சு போகிற இடத்தில் மூன்று பிடி ஏற்றாவிட்டால் அதற்குத் திருப்தி வராது. காபித்தூளையும் கட்டைவிரலால் அமுக்கினார், இன்னும் கொட்டினார், கரண்டி முதுகால் மறுபடி அமுக்கினார். தீயைப் பெரிதாக வைத்தார். மேலே ஒரு சொட்டு ஏறவில்லை. அடைபட்ட ஆவி வெளியேறும் பக்கவாட்டு வால்வு வீலென்று கத்தியது. கடைசியில் கருகிய சொட்டுகள் நாலைந்து வந்தன. யூனிஃபார்மில் நின்ற மனைவி ஒரு வாய் குடித்தாள்.

"பரவால்லங்க," என்று சொல்லிவிட்டு டிப்போ கடைக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

தூளை மாற்றினார், தண்ணீரை மாற்றினார். அமுக்குவதை மட்டும் மாற்றவில்லை. தினம் வால்வு கத்தியது. மாடியில் குடியிருந்த மனைவியின் அண்ணன் படியிறங்கி வந்து, "ஏன் மாப்ளே, சமையல்கட்டுல ரயில் விடுறீங்களா?" என்று கேட்டார்.

அந்த வாரம் யாரோ பட்டறைக்கு வந்து, பச்சைக் குழந்தைக்கு ஒரு தலையணை கேட்டார்கள். அதற்குப் பஞ்சைத் திணிக்கக் கூடாது. உதிர்த்து, உறைக்குள் விழவிட்டு, விளிம்பைத் தட்டி மூடிவிட வேண்டும். பஞ்சை விழவிட்ட கை அப்படியே நின்றது. காபித்தூளை அந்த அமுக்கு அமுக்கினேனே, தண்ணீருக்குப் போக வழி விட்டேனா நான்? அட மடையா என்று தன்னையே திட்டிக்கொண்டு, தலைமுடியெல்லாம் பஞ்சோடு அவர் சிரித்தார். பக்கத்துத் தையல்காரர் பயந்து எட்டிப் பார்த்தார்.

மறுநாள் தூளைக் கிண்ணத்தில் விழவிட்டு, கரண்டிக் காம்பால் மேலே ஒரு இழுப்பு, அவ்வளவுதான். கட்டைவிரல் துடித்தது, அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். தீயையும் சின்னதாக வைத்து, ஜாடியின் மூடியைத் திறந்து காத்திருந்தார். சத்தமே இல்லை. பிறகு தேன் நிறத்தில், தேன் போலவே மெதுவாக, காபி ஏறியது. வீடு முழுக்க வாசனை. களக்களக் என்று ஆரம்பித்ததுமே இறக்கிவிட்டார். அவசரத்தில் கொஞ்சம் மேடையில் சிந்தியது.

மனைவி நின்றபடி ஒரு வாய் குடித்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் தோள்பையைக் கழற்றி வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

எத்தனையோ நாளாகப் பேச்சைச் சேர்த்து வைத்திருந்த மெத்தைக்காரர், மேடையில் சிந்தியதைத் துடைத்த இடத்திலேயே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"பேசுங்க. இதுக்குத்தானே இத்தனை பாடு?" என்றாள்.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. துணியைப் போட்டுவிட்டு அவரும் எதிரில் உட்கார்ந்தார். தலையணையில் ஆரம்பித்தார், தையல்காரர் பயந்த இடம் வருவதற்குள் அவளுக்கு நேரமாகிவிட்டது.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவள் சொன்னாள்: "நாளைக்கு அலாரத்தக் கொஞ்சம் முன்னாடி வைங்க. பாதிக் கதையில எந்திரிக்க மனசே வரல."