பாவம் பார்க்க வேண்டாம், ஜூமைக் காட்டுங்க

விசில் அக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தது பயணிகள்தான். நான் டிரைவர், அவர் கண்டக்டர். பல வருஷம் ஒரே வண்டி, ஒரே ரூட். படியில் தொங்குகிறவனைப் பார்த்து மற்ற கண்டக்டர்கள் தொண்டை வறளக் கத்துவார்கள். அக்கா கத்த மாட்டார். நீளமாக ஒரே ஒரு விசில். வண்டியை நிறுத்திவிடுவேன். அவன் உள்ளே வரும்வரை அடுத்த விசில் வராது, வண்டியும் நகராது. ஆபீசுக்குப் போகிற கூட்டம் சும்மா இருக்குமா? அவர்களே அவன் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டுவிடுவார்கள்.

அப்படிப்பட்டவருக்கு மார்பில் கட்டி வந்தது. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். அக்குளிலும் கத்தி வைத்ததால் வலது கை வீங்க ஆரம்பித்தது. காலையில் சாதாரணமாக இருக்கும் கை, சாயங்காலத்துக்குள் தலையணை மாதிரி ஆகிவிடும். விரலிலிருந்து தோள்வரை இறுக்கமான உறை ஒன்றைப் போட்டுவிட்டு, "இனிமே இந்தக் கையால எந்த கனமும் தூக்கக் கூடாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். பையும் டிக்கெட் மெஷினுமாக நாள் முழுக்க நெரிசலில் நிற்கும் வேலை அத்தோடு போயிற்று. டிப்போவில், பஸ்ஸில் தவறவிட்ட பொருட்களை வைக்கிற அறையில் உட்காரவைத்தார்கள்.

அந்த அறையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சுவர் முழுக்கக் குடை. டிபன் பாக்ஸ், ஒற்றைச் செருப்பு, மூக்குக் கண்ணாடி. ஒருமுறை ஒரு பல்செட்டுகூட வந்தது. அதைத் தேடி யாரும் வரவில்லை, எப்படிச் சாப்பிட்டாரோ தெரியாது. பொருளைத் தேடி வந்தவர்களைவிட அக்காவைப் பார்க்க வந்தவர்கள்தான் அதிகம். எல்லோரும் ஒரே பாட்டுத்தான் பாடினார்கள்: "ஐயோ, பாவம்." டிப்போ மேனேஜர்கூடக் கதவருகே நின்று, "நல்லா ரெஸ்ட் எடுங்கம்மா" என்பார். வீட்டில் அவர் வீட்டுக்காரர், அச்சகத்தில் வேலை பார்க்கிறவர், தங்கமான மனுஷர், தண்ணீர்ச் செம்பைக்கூட அவர் கையில் கொடுக்க மாட்டார்.

"தம்பி, எனக்கு வந்த நோயைவிட இந்தப் பாவம்தான் தாங்கல" என்றார் அக்கா ஒருநாள். "எல்லாரும் என்னை அந்தக் குடைங்களோட சேர்த்து மாட்டி வச்சுட்டாங்க."

அந்த அறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. ஜன்னலுக்கு நேர் எதிரே டிப்போவின் உயரமான விளக்குக் கம்பம். அதன் உச்சியில், விளக்குகளுக்கு நடுவே, ஒரு பருந்து ஜோடி கூடு கட்ட ஆரம்பித்தது. ஒர்க்‌ஷாப்பிலிருந்து எண்ணெய்த் துணி, கம்பித் துண்டு, யாரோ போட்ட முகக்கவசம் என்று எதையும் விடாமல் தூக்கிக்கொண்டு போயின. அக்கா வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். போனில் படம் எடுத்தார். பருந்து கொசு மாதிரி விழுந்தது. விரலால் பெரிதாக்கினால் கொசு கரிப்புகை ஆயிற்று.

அன்றைக்குத்தான் கேமரா ஆசை வந்தது.

அக்காவின் கொழுந்தனார் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். ஊரில் உள்ள புகைப்படச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். விஷயம் காதில் விழுந்ததும், நல்ல எண்ணத்தோடுதான், தன் பழைய கேமராவையும் முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸையும் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா ஒரு மதியம் முழுக்க அதை வைத்துக்கொண்டு போராடினார். சாயங்காலம் கை வீங்கி உறையைக் கழற்ற முடியவில்லை. வீட்டுக்காரர் ஐஸ் வைப்பதும் விசிறுவதுமாகத் தவித்துப்போனார்.

மறுநாள் கொழுந்தனார் கேமராவைத் திரும்ப வாங்க டிப்போவுக்கே வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"இதுக்குத்தான் அண்ணி முதல்லயே யோசிச்சேன். உங்களுக்குப் போனே போதும்."

"போன்ல வரல. இதைத் தூக்க முடியல. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கும்ல?"

"இருக்கு. சட்டைப் பையில போடுற மாதிரி, லென்ஸ் உள்ளேருந்து நீண்டு வரும். ஆனா அது பொம்மை அண்ணி. உள்ளே படம் விழுற சில்லு சுண்டு விரல் நகம் அளவுதான். எங்க சங்கத்துல அந்த மாதிரி கேமராவுல எடுத்த படத்தைப் போட்டிக்கே எடுத்துக்க மாட்டோம்."

"உங்க சங்கத்துக்கு யாரு வரேன்னா? எனக்கு அந்தப் பருந்து மூக்கு தெரியணும். அவ்ளோதான்."

அடுத்த விடுமுறையன்று என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். "எங்க வீட்டுக்காரர் வந்தா கடைக்காரன்கிட்ட என் ஆபரேஷன் கதையை ஆரம்பிச்சுடுவார். நீ வா" என்றார்.

கடை கண்ணாடியும் குளிருமாக இருந்தது. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட இளைஞர் நேராக என்னிடம் வந்து, "சொல்லுங்க சார், என்ன பட்ஜெட்?" என்றார். நான் அக்காவைக் காட்டினேன். இளைஞர் அக்காவின் உறை போட்ட கையைப் பார்த்தார். முகம் மாறியது. "மேடத்துக்கு ஈசியா ஒண்ணு காட்டவா? பட்டனே கம்மியா இருக்கும். பெரியவங்க, முடியாதவங்க..."

"தம்பி, பாவம் பார்க்க வேண்டாம். ஜூமைக் காட்டுங்க" என்றார் அக்கா.

இரண்டு கேமரா மேஜைக்கு வந்தன. ஒன்று குண்டு. அறுபது மடங்குக்கு மேல் இழுக்கும், நிலாவில் இருக்கிற பள்ளம்கூடத் தெரியும் என்று இளைஞர் அளந்துவிட்டார். இன்னொன்று சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிது. முப்பது மடங்கு. மூலையில் கண் வைத்துப் பார்க்க ஒரு சின்னத் துளை.

"குண்டுதான் மேடம் பெஸ்ட். டபுள் ஜூம்!"

"வெளியே போய்ப் பார்த்துட்டு வரலாமா?"

"வெளியே எல்லாம் கொண்டுபோகக் கூடாது மேடம்."

"செருப்பைப் போட்டுப் பார்க்காம வாங்குவீங்களா?"

இளைஞர் உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தார். வாசலில் நின்று பார்க்கலாம், அவரும் கூடவே நிற்பார் என்று முடிவாயிற்று. எதிர்க் கட்டடத்தின் மாடி விளிம்பில் ஒரு புறா உட்கார்ந்திருந்தது. அக்கா முதலில் குண்டை எடுத்தார். இடது கையால் அடியில் தாங்கி, வலது கையை லேசாக மேலே வைத்தார். புறா பெரிதாகத் தெரிந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் கை நடுங்க, புறா படத்திலிருந்து நழுவி நழுவிப் போயிற்று. அப்புறம் சின்னது. ஜூமை முழுக்க இழுத்ததும் வெறும் சுவர்தான் தெரிந்தது. "புறா எங்கே போச்சு?" என்றார். பின்னால் இழுத்தார், புறாவைக் கண்டுபிடித்தார், மறுபடி மெல்ல முன்னால் போனார். துளையைப் புருவத்தோடு ஒட்டவைத்ததும் நடுக்கம் பாதியாகக் குறைந்தது. கைக்குத் துணையாக நெற்றியும் சேர்ந்துகொண்டது.

கடைக்குள் திரும்பி வந்து, வேண்டுமென்றே இருட்டு மூலையில் என்னை நிறுத்தி ஒரு படம் எடுத்தார். என் முகத்தில் ரவையைத் தூவிய மாதிரி இருந்தது.

"அது இருக்கும் மேடம்" என்று இளைஞர் நேர்மையாகவே ஒப்புக்கொண்டார். "இந்தச் சைசுல வெளிச்சம் கம்மியானா இப்படித்தான். ஓடுறது பறக்கிறதை எல்லாம் பிடிக்கவும் கொஞ்சம் தடுமாறும்."

"இருட்டுனா நானும் தூங்கிடுவேன், பருந்தும் தூங்கிடும். இதைக் கொடுங்க."

"ஆனா ஜூம் பாதிதான் மேடம்..."

"நிலாவுல எனக்கு யாரையும் தெரியாது. வீட்டு அலமாரியில இருக்கிற டபுள் ஜூமைவிட என் பையில இருக்கிற பாதி ஜூம் பெருசு."

என் தோளில் தட்டி, "வா" என்றார். அப்படி அவர் தட்டி எத்தனையோ நாளாயிற்று.

வாங்கிய கையோடு பருந்து வந்து நின்றுவிடவில்லை. முதல் வாரங்களில் அவர் எடுத்ததெல்லாம் வெற்று வானம், விளக்கின் முதுகு, வாலின் நுனி. கொழுந்தனார் ஒருமுறை பார்த்துவிட்டு, "நான் சொன்னேன்ல" என்கிற சிரிப்பைச் சிரித்தார். அக்கா படத்தை அழித்துவிட்டு மறுபடி எடுத்தார். ஜன்னல் சட்டத்தில் கேமராவை முட்டுக்கொடுத்துக்கொள்ளப் பழகினார். வெயில் பருந்தின் முகத்தில் விழும் நேரம் காலைதான் என்று கண்டு, சீக்கிரமே டிப்போவுக்கு வர ஆரம்பித்தார். பருந்து இல்லாத நேரத்தில் எங்களை எடுத்தார். பஸ்ஸுக்கு அடியிலிருந்து கால் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிற மெக்கானிக். வண்டி கழுவும் தண்ணீரில் குளிக்கிற மைனா. நான் கொட்டாவி விடுவதைக்கூட அறையின் கோடியிலிருந்தே எடுத்துவிட்டார். உள்நாக்குவரை தெரிந்தது.

அப்புறம்தான் அந்தப் படம் வந்தது. பெண் பருந்து கூட்டுக்கு எதையோ கொண்டுபோனது. வாயில் எங்கள் டிக்கெட் பேப்பர் ரோல். அது பிரிந்து, பின்னால் பட்டத்துக்கு வால் மாதிரி நீளமாகப் பறக்கிறது. கூட்டில் இருக்கிற ஆண் பருந்து, "டிக்கெட், டிக்கெட்" என்று கேட்கிற மாதிரியே கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கிறது. பருந்தின் கண்ணில் ஒளிகூட விழுந்திருந்தது.

படத்தைப் பார்த்து அக்கா சிரித்த சிரிப்பில் ஒர்க்‌ஷாப்பே வந்து எட்டிப் பார்த்தது.

வீட்டுக்காரர் படத்தை அச்சகத்துக்குக் கொண்டுபோய்ப் பெரிதாக அடித்துக்கொண்டு வந்தார். வழியெல்லாம் யார் யாருக்குக் காட்டினாரோ, ஓரம் கசங்கியிருந்தது. என் சீட்டுக்குப் பின்னால் விளம்பரம் போடுகிற சட்டம் ஒன்று ரொம்ப நாளாகக் காலியாகக் கிடந்தது. "இங்கே மாட்டலாமா தம்பி?" என்றார் அக்கா. நான்தான் ஸ்க்ரூவைக் கழற்றினேன். மாட்டினோம். அன்றைக்கு ஜனங்கள் போனைக் கீழே வைத்துவிட்டுப் பருந்தைப் பார்த்தார்கள். மற்ற டிரைவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். மைனா ஒரு பஸ்ஸில் ஏறியது, மெக்கானிக்கின் கால் ஒரு பஸ்ஸில் ஏறியது.

மேனேஜர் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். கழற்றினார்கள். அக்கா மறுநாள் காலையே திரும்ப மாட்டினார். அவரையும் என்னையும் மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள்.

"அனுமதி இல்லாம பஸ்ஸில எதுவும் ஒட்டக் கூடாதுன்னு தெரியாதாம்மா?"

"அனுமதி கேட்டா குடுப்பீங்களா சார்?"

"அது வேற விஷயம். உங்க உடம்பு இருக்கிற நிலைமையில இதெல்லாம் எதுக்கு? பாவமேன்னுதான் உங்களை அந்த ரூம்ல உட்கார வச்சோம். பேசாம ரெஸ்ட் எடுக்கலாம்ல?"

அக்கா நாற்காலியை விட்டு எழுந்தார். குரல் உயரவே இல்லை.

"சார், எனக்குக் கட்டி வந்தது மார்புல. மூளையில இல்ல. கண்ணுலயும் இல்ல. எனக்குப் பாவம் பார்த்து நீங்க வேலை குடுக்கல, இத்தனை வருஷம் வெயில்ல நின்னதுக்கு அது எனக்கு வர வேண்டியது. படம் மாட்டினது தப்புன்னா மெமோ குடுங்க. காரணம்னு இருக்கிற இடத்துல பருந்துன்னு எழுதுங்க. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கறேன்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் ஸ்க்ரூ டிரைவரை மேஜைமேல் வைத்தேன். "எனக்கும் ஒண்ணு எழுதிடுங்க சார்" என்றேன்.

மெமோவை அடித்துக் கையில் கொடுத்தார்கள், இரண்டு பேருக்கும். படங்களை மறுபடி கழற்றினார்கள். ஆனால் பயணிகளை யார் என்ன செய்ய முடியும்? "பருந்து எங்கே?" என்று என்னைக் கேட்டார்கள். "மேனேஜரைக் கேளுங்க" என்று அவருடைய ஆபீஸ் நம்பரைக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் கவுண்டருக்கே வந்து, "தொலைஞ்ச பொருள் ரூம் எது? ஒரு பருந்து தொலைஞ்சு போச்சு" என்று சத்தமாகக் கேட்டாராம். கொஞ்ச நாளில் மேனேஜருக்குப் போன் எடுத்துச் சலித்துவிட்டது. சட்டங்கள் காலியாக இருந்தால் அசிங்கமாகத் தெரிகிறது, எதையாவது மாட்டுங்கள் என்று பொதுவாக ஒரு உத்தரவு வந்தது. பருந்து என்கிற வார்த்தை அதில் இல்லை. நாங்கள் பருந்தையே திரும்ப மாட்டினோம். மெமோவையும் வாபஸ் வாங்கவில்லை.

அப்போதுதான் கொழுந்தனார் வந்தார். சங்கத்தின் கண்காட்சி நெருங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணி, அந்த டிக்கெட் ரோல் படத்தைக் குடுங்க. எல்லாரும் கேக்கறாங்க."

"தாராளமா. கீழே என்ன கேமரான்னு எழுதுவீங்கல்ல?"

அவர் தலையைச் சொறிந்தார். "அதை மட்டும் விட்டுடலாமே. சங்கத்து விதின்னு ஒண்ணு இருக்கு. நானே செயலாளர்..."

"பொம்மைல எடுத்ததுன்னு எழுதுங்க. என் பேரைவிடப் பெருசா எழுதுங்க. அப்ப தரேன்."

"அது முடியாது அண்ணி."

"அப்ப பஸ்ஸில வந்து பாருங்க. டிக்கெட் எடுத்துட்டு."

அந்தப் படம் கண்காட்சிக்குப் போகவில்லை. கொழுந்தனார் மூன்று நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தார். நாலாம் நாள் என் பஸ்ஸில் ஏறி, கடைசி நிறுத்தம்வரை உட்கார்ந்து பார்த்துவிட்டு, இறங்கும்போது, "வெளிச்சத்தை எப்படிப் பிடிச்சாங்க?" என்று என்னிடம் கேட்டார். "அவங்களையே கேளுங்க சார்" என்றேன். கேட்டாரா என்று தெரியாது.

அக்காவின் கை இன்னும் வீங்குகிறது. அது போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விடுமுறை நாட்களில் முதல் பஸ்ஸில் ஊருக்கு வெளியே இருக்கிற சதுப்பு நிலத்துக்குப் போகிறார். வீட்டுக்காரர் குடையும் சாப்பாட்டுப் பையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போகிறார். கேமராவைத் தொட மட்டும் அவருக்கு அனுமதி இல்லை. போன வாரம் அக்கா அங்கே சேற்றில் சறுக்கி விழுந்து முழங்கால் சிராய்ப்போடு வேலைக்கு வந்தார். டிப்போவில் ஒருத்தர் பழக்கதோஷத்தில், "ஐயோ, பாவம்" என்று ஆரம்பித்தார். அக்கா கேமராவை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். திரையில் நீர்நாய் ஒன்று, வாயில் மீனோடு, எங்களை முறைத்துக்கொண்டிருந்தது.