வளையல் கை

இடஒதுக்கீட்டுப் போராட்டத்துக்காகச் சாலையில் மரங்களை வெட்டிப் போட்டிருந்த நாட்கள். புதிதாகச் சேர்ந்த சுகாதார ஆய்வாளரான நான், சின்னசேலத்திலிருந்து நடந்தே ஒரு பால்வாடிக்குப் போனேன். சோப்பு இருக்க வேண்டும், பணியாளர் வளையல் போடக் கூடாது என்றது என் பட்டியல். இரண்டிலும் அங்கே பணியாளராக இருந்த மல்லிகா தவறியிருந்தாள். நான் அறிக்கை கொடுத்தால் அவள் வேலை போய்விடும்.

"பஸ்ஸே ஓடல, சோப்பு எங்கேந்து மேடம் வரும்? சாம்பல்லதான் கழுவறேன்" என்றாள்.

குறித்துக்கொண்டு, ஒரு குழந்தைக்குச் சோறு ஊட்டப் போனேன். இரண்டு வயதுதான் இருக்கும். என் கையைத் தள்ளியது.

"வளையல் இல்ல. ஆய் கை."

மல்லிகா சிரித்துவிட்டாள். "கோச்சிக்காதீங்க மேடம். ஆய் கழுவுற கையில நான் வளையல் போடறதில்ல, சோறு ஊட்டுற கையிலதான் போடுவேன். அத பாத்துக்கினே வளருதுங்க."

கிளைகளைப் பிடித்துத் தாண்டி வந்த கையை நான் கழுவவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சாம்பல் வாங்கித் தேய்த்தேன். குறித்ததை அடித்தேன். பேச்சு வரும் வயதிலேயே அந்தப் பிள்ளை எந்தக் கை எதற்கு என்று அறிந்திருந்தது இன்றும் எனக்கு வியப்புதான்.