ஆடாத கை

சலூன்காரர் ஆசை ஆசையாய் ஒரு கேமரா வாங்கினார். எடுத்த படம் அத்தனையும் மங்கல். மனைவி மங்கல், மகள் மங்கல், கடைப் பலகையும் மங்கல்.

"கை ஆடியிருக்கும்ப்பா" என்று மகள் போகிற போக்கில் சொல்லிவிட்டாள். அவர் தன் கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். கத்தி பிடிக்கிற கை ஆடினால் பிழைப்பு என்னாவது? அன்றிலிருந்து சவரத்துக்கு வந்தவர்களையெல்லாம், "பிளேடு தீந்துபோச்சு, அப்புறம் வாங்க" என்று திருப்பி அனுப்பினார்.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. மகளோடு கடைக்கே வந்து கேமராவைப் பிடுங்கி மேசைமேல் வைத்தாள். "இதுதான் தானா எடுக்குமே! அமுக்கிட்டு என் பக்கத்துல வந்து நில்லுங்க. யார் கையும் படவேணாம்."

கேமரா தானே 'கிளிக்' என்றது. பார்த்தால், அந்தப் படமும் மங்கல்.

"என் கை ஆடலைடி!" என்று கத்தினார். பாழாய்ப்போன படத்தைப் பார்த்துச் சந்தோஷத்தில் கண் கலங்கிய மனிதரை அவள் அன்றுதான் கண்டாள்.

மகள் லென்ஸை வெளிச்சத்தில் திருப்பினாள். தலைக்குத் தடவுகிற கிரீம் அதன்மேல் அப்பியிருந்தது, கட்டைவிரல் ரேகையோடு.

"வேலை செஞ்ச கையோடவே லென்ஸ் மூடியைத் திறப்பீங்களாப்பா?"

துடைத்துவிட்டு அவள் எடுத்த படம் பளிச்சென்று வந்தது. காட்டத் திரும்பினால் அப்பாவைக் காணோம். அவர் வாசலில் நின்று, தாடியோடு போன வாடிக்கைக்காரரைக் கைதட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உள்ள வாங்க! பிளேடு வந்தாச்சு!"