கையிருப்பு அறுபத்து மூன்று

மருத்துவமனையின் மருந்துக் கவுன்டரில் இருப்பவளை டாக்டர் முதல் வாசலில் நிற்கும் காவலாளி வரை எல்லோரும் மாத்திரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளச் சீட்டில் அச்சாகியிருக்கும் பெயரைப் பார்த்தால் அவளுக்கே யாரோ எவரோ என்று தோன்றும். வயது நாற்பத்தேழு. இருபத்திரண்டு வருடமாக அதே கவுன்டர், அதே கத்தரிக்கோல். மாத்திரை அட்டையை எண்ணாமலே சரியாகப் பத்து பத்தாக வெட்டுவாள். படிக்கத் தெரியாதவர்களுக்குக் கவரின் மேல் காலைக்கு ஒரு சூரியனும் இரவுக்கு ஒரு பிறையும் வரைந்து கொடுப்பாள். கொடுத்த கையோடு, "சும்மா சும்மா மாத்திரை போடாதீங்க, தாங்க முடியலன்னா மட்டும் போடுங்க" என்றும் சொல்லி அனுப்புவாள். சொந்தக் கடை வைத்திருந்தால் ஒரே மாதத்தில் இழுத்து மூடியிருப்பாள்.

வீட்டில் அவள் இன்னும் கறார். ஒரே மகன். அவன் வளர்ந்த காலம் முழுக்க அந்த வீட்டில் அதிகம் கேட்ட வாக்கியம், "அந்தக் கேமை அணைக்கிறியா, இல்ல நான் எழுந்து வரட்டுமா?" என்பதுதான். கண் கெடும், மூளை மழுங்கும், முதுகு வளையும், விரல் கோணிக்கொள்ளும் என்று தலை முதல் கால் வரை ஒவ்வோர் உறுப்பாக எடுத்துத் திட்டுவாள். அவன் படித்து முடித்து வேலைக்காக வேறு ஊருக்குப் போனபோது, கேம் பெட்டியை டிவிக்குக் கீழேயே விட்டுவிட்டுப் போனான். "பீடை ஒழிஞ்சுது" என்று அதன் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினாள்.

இப்படித் திட்டியவளின் சொந்த வரலாறு வீட்டில் யாருக்கும் தெரியாது. பதினான்கு வயதில் விடுமுறைக்குச் சித்தப்பா வீட்டுக்குப் போனவள், அங்கே தம்பி வைத்திருந்த செங்கல் அடுக்கும் கையடக்க விளையாட்டை எடுத்தாள். பத்தே நாளில் அந்தத் தெருப் பிள்ளைகள் யாரும் தொடாத எண்ணைத் தொட்டாள். "குடுத்துடும்மா, அது தம்பியோடது" என்றாள் சித்தி. கொடுத்தாள். கல்யாணமான பிறகு கணவரின் பட்டன் போனில் பாம்பு விளையாட்டு. பாம்பு வளர்ந்து திரும்ப இடமில்லாமல் நெளிகிற கட்டத்தில், "அவசரத்துக்கு ஒரு போன் பண்ண சார்ஜ் இல்ல" என்று அவர் முனகினார். கொடுத்தாள். கவுன்டர் கணினியில் சீட்டு அடுக்குகிற ஆட்டம் ஒன்று இருந்தது. புது மேலாளர் வந்த அன்றே அதைத் துடைத்து எறிந்தார். கடைசியாக மகனின் பழைய போனில் மிட்டாய் உடைத்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் மகளுக்கு ஒரு போன் தேவைப்பட்டது, அதுவும் போயிற்று. ஆக நான்கு விளையாட்டு, நான்கும் அடுத்தவர் மிஷினில், நான்கும் பாதியில். வருத்தமா என்று கேட்டால், "போங்க, எனக்கு வேற வேலை இல்ல பாருங்க" என்பாள். வருத்தம்தான்.

மகன் போய் ஒரு வருடம் கழித்து, காலை ஷிப்ட் முடிந்து வந்த ஒரு மதியம் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். துணி பட்டு, பெட்டியின் பொத்தான் அழுந்திவிட்டது. டிவியைப் போட்டுப் பார்த்தால், கையில் ஈட்டியோடு ஒரு பெண் கொட்டும் மழையில் நின்றுகொண்டிருக்கிறாள். மகன் எப்போதோ தொடங்கிவிட்டு, பிடிக்காமல் விட்ட ஆட்டம். அணைக்கத்தான் கன்ட்ரோலரை எடுத்தாள். ஆனால் ஒரு பெண்பிள்ளையை மழையில் நனையவிட்டு அணைக்க மனம் வரவில்லை. எதிரே ஒரு மரம் இருந்தது. அது வரைக்கும் கொண்டுபோய் நிறுத்திவிட்டு அணைத்துவிடலாம் என்று பார்த்தாள். மரத்துக்குப் பின்னால் ஓர் ஓநாய் இருந்தது. அவ்வளவுதான், அன்றைக்கு அவள் சாப்பிட்டது நாலரை மணிக்கு.

அதற்குப் பிறகு மதியம் இரண்டு முதல் நான்கு வரை அவள் ஈட்டிக்காரிதான். மருந்துப் பெயர்களைத் தவிர ஆங்கிலம் படித்துப் பழக்கமில்லாததால், எல்லாவற்றையும் பட்டுப் பட்டுத்தான் கற்றுக்கொண்டாள். எங்கே நெருப்பு எரிகிறதோ அங்கே போய் உட்கார்ந்தால்தான் அதுவரை ஆடியது பதிவாகும் என்பது பதினொரு முறை செத்த பிறகு தெரிந்தது. அதற்கு மகன் சொல்லும் வார்த்தை சேவ் என்பதும் நினைவுக்கு வந்தது. எதிரிகளுக்கு அவளே பெயர் வைத்தாள். மூன்று தலையோடு குரைக்கும் நாய்க்கு ரிசப்ஷன் என்று பெயர். சதுப்பு நிலத்தில் காலைப் பிடித்துக்கொண்டு விடவே விடாத கிழட்டுப் பேய் மருந்துக் கம்பெனி விற்பனையாளர். எல்லாவற்றுக்கும் மேலே, கடைசிக் கோட்டையில் இரண்டு உதவியாளர்களோடு தாமதமாக வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் ஒரே வீச்சில் ஆளை முடிக்கும் ராஜா இருந்தானே, அவன் பெரிய டாக்டர்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அக்காவுக்குக் கற்றுக்கொள்ளவேண்டிய அவசியமே இல்லை என்று தோன்றியது. திரையின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கூட்டல் குறி மின்னிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் ஓர் எண். இருபத்திரண்டு வருடம் அந்தக் குறிக்குக் கீழே நின்று வேலை பார்த்தவளுக்கு அது என்னவென்று யாராவது சொல்லவேண்டுமா? மருந்து. எண், கையிருப்பு. சின்னக் காயத்துக்குப் பச்சிலை இருக்கிறது, அதைத் தின்றால் போதும். பெரிய மருந்தைச் சும்மா சும்மா தொடக்கூடாது. ஒவ்வொரு எதிரி விழும்போதும் கையிருப்பு ஏறிக்கொண்டே போவதைப் பார்த்து அவளுக்கு அப்படி ஒரு பெருமை. அறுபத்து மூன்று ஆகியும் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. பெரிய டாக்டரிடம் நாற்பது முறை செத்தாள், அப்போதும் எடுக்கவில்லை. எடுக்க அவன் நேரம் கொடுத்தால்தானே.

கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். தன்னிடம் சாவி இருந்தும் நான்கு மணிக்கு வந்து இரண்டு முறை மணி அடிப்பார். பிறகு வேன் கண்ணாடியைத் துடைப்பது போல இரண்டு நிமிடம் வெளியிலேயே நிற்பார். அவருக்கு வயதாகிவிட்டதால் பொறுமை வந்துவிட்டது என்று அக்கா நினைத்துக்கொண்டிருந்தாள். உண்மையில் மனிதர் ஆறு மாதம் முன்பே ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். மனைவி சோபாவின் மேல் ஏறி நின்று, "வாடா, வா, இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடலாம்" என்று டிவியைப் பார்த்துக் கத்துவதைக் கண்டவருக்கு, உள்ளே போகச் சற்றுப் பயமாகவும் இருந்தது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு புதன்கிழமை மகன் போன் செய்தான். கல்யாணமாகி மூன்று மாதம் ஆகியிருந்தது, புது வீட்டுக்குக் குடிபோயிருந்தான்.

"அம்மா, ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வர்றோம். ஃப்ரெண்டோட கார் கிடைச்சிருக்கு. அப்படியே அந்தக் கேம் பெட்டியையும் எடுத்துட்டு வந்துடறேன். உனக்கும் இடத்தை அடைச்சுட்டுக் கிடக்குதில்ல?"

"ஆமாண்டா," என்றாள் அக்கா. "எடுத்துட்டுப் போ."

போனை வைத்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். வேண்டாம் என்று சொல்ல முடியுமா? சொன்னால் ஏன் என்று கேட்பான். ஏன் என்று சொன்னால், இத்தனை வருடம் திட்டிய திட்டையெல்லாம் ஒன்றுவிடாமல் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். சொல்லாவிட்டால் ஐந்தாவது விளையாட்டும் பாதியில் போகும். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் பெரிய டாக்டரோடு மல்லுக்கட்டினாள். அவன் மசியவில்லை. கவுன்டரில் ஒருவருக்குச் சூரியனும் சூரியனுமாக வரைந்து கொடுத்துவிட்டாள், அந்த ஆள் பிறையைக் காணோமே என்று திரும்பி வந்தார்.

ஞாயிறு காலை மகனும் மருமகளும் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தார்கள். சாப்பாடு முடிந்தது. கட்டுவதற்கு முன்னால் பெட்டி வேலை செய்கிறதா என்று பார்க்க மகன் அதைப் போட்டான். திரையில் கோட்டை வாசலும் ஈட்டிக்காரியும் வந்தார்கள். கீழே ஆடிய நேரத்தைக் காட்டும் எண்ணை அவன் பார்த்தான்.

"இருநூத்திப் பதினேழு மணி நேரமா? யாரு ஆடினது?"

அக்கா சமையலறைக் கதவை உற்றுப் பார்த்தாள். கணவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"நான்தான்டா. பொழுது போகல."

"அப்பா! கடைசி பாஸ், அந்த ராஜா வரைக்கும் வந்திருக்கீங்க! என் ஃப்ரெண்ட்ஸ்ல பாதிப் பேர் சதுப்பு நிலத்தோட விட்டுட்டாங்க. சத்தியமா பெரிய ஆளுப்பா நீங்க." மகன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். "அந்த மூணு தலை நாயை எப்படி முடிச்சீங்க?"

"அதுவா," என்று யோசித்தார் அவர். "பிஸ்கட் போட்டேன்."

பழி கணவர் மேல் போனபோது அக்காவுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பாராட்டும் அவர் மேல் போனதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"பிஸ்கட்டா? பதினாலு நாள் உயிரைக் குடுத்து அடிச்சிருக்கேன், பிஸ்கட்டாம் பிஸ்கட்! அது பின்னங்கால்ல பலமில்லாத நாய்டா. சுத்திச் சுத்தி வந்து அங்கதான் குத்தணும். இவருக்கு டிவி ரிமோட்டையே தலைகீழாத்தான் பிடிக்கத் தெரியும்!"

மகன் அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தான். கணவர் மட்டும் ஒரு பாரம் இறங்கியதுபோல் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"நீயா?" என்றான் மகன். "அம்மா, நீயா? விரல் கோணிக்கும்னு சொன்ன நீயா?"

"கோணலடா. பாரு." விரல்களை நீட்டிக் காட்டினாள். வேறென்ன சொல்வது என்று தெரியவில்லை.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்துக்கொண்டே கன்ட்ரோலரைத் தட்டித் தட்டித் திரையைப் பார்த்தவன் சட்டென்று நிறுத்தினான்.

"இது என்னம்மா, அறுபத்து மூணு அப்படியே கிடக்கு? ஒண்ணுகூடப் போடலையா?"

"அது மருந்து. அவசரத்துக்கு வச்சிருக்கேன். சும்மா தொடாதே."

மருமகள் திரைக்குப் பக்கத்தில் போய்ப் படித்தாள். "அத்தை, இது மருந்து இல்ல. ஒவ்வொரு தடவை ஜெயிச்சதுக்கும் குடுத்த பாயின்ட். இதைப் போட்டாத்தான் கைக்கு பலம் வரும், உயிர் கூடும். நீங்க எதையுமே போடலை. இந்தப் பொண்ணு முதல் நாள் இருந்த மாதிரியேதான் இருக்கா."

"முதல் நாள் பலத்தோடயா இவ்வளவு தூரம் வந்தா?"

"ஆமா அத்தை. எனக்குத் தெரிஞ்சு யாரும் இப்படி ஆடினதில்ல."

அக்கா ஈட்டிக்காரியைப் பார்த்தாள். தன் முட்டாள்தனத்தைவிட அவள்மேல் வந்த பரிதாபம்தான் பெரிதாக இருந்தது. "பாவிப் பொண்ணு," என்றாள். கன்ட்ரோலரை மகன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். மருமகள் ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்ல, அவள் ஒவ்வொன்றாகப் போட்டாள். கைக்கு இருபது. உயிருக்கு இருபது. ஓடுவதற்குப் பத்து. மிச்சம் பதின்மூன்றும் ஈட்டிக்கு. அறுபத்து மூன்றையும் எங்கெங்கே போடுவது என்று மாமியாரும் மருமகளும் வாக்குவாதம் செய்ததில் முக்கால் மணி நேரம் போனது. கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் இருவரும் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசியதே இல்லை.

மகன் கடிகாரத்தைப் பார்த்தான். "போதும்மா, காரைத் திருப்பிக் கொடுக்கணும். கட்டிடறேன்" என்று குனிந்து, சுவரில் இருந்த ஒயரைப் பிடித்தான்.

"டேய்!" என்று அலறினாள் அக்கா. "சேவ் பண்ணலடா!"

அவன் கை ஒயரிலேயே நின்றது. திரும்பிப் பார்த்தான். இப்போது சிரிக்கவில்லை.

"பன்னிரண்டாவது படிக்கறப்போ நானும் இதையேதான்மா கத்தினேன். நீ ஒயரைப் பிடுங்கி, பையில போட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போயிட்டே."

அவளுக்கு அந்த நாள் நினைவிருந்தது. ஒரு தாய் செய்யவேண்டியதைச் செய்துவிட்டோம் என்ற திருப்தியோடு பஸ் ஏறியதும் நினைவிருந்தது. அவன் கத்தியது காதில் விழுந்ததும் உண்மை. அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று அன்றைக்கு அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

"எவ்வளவு நாள் ஆடினது?"

"நாலு மாசம்."

ஒரு வருடம் முன்பு என்றால், அதனால் என்ன என்று கேட்டிருப்பாள். நாலு மாதம் என்றால் எவ்வளவு என்று இப்போது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"தப்புடா. பெரிய தப்பு பண்ணிட்டேன்."

"பரவால்லம்மா, அது எப்பவோ..."

"பரவால்லன்னு சொல்லாதே. அது எவ்வளவுன்னு எனக்குத் தெரியும்."

இதைச் சொன்ன வாயால் அடுத்ததைக் கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்க எந்த உரிமையும் இல்லை என்றும் தெரிந்தது. கன்ட்ரோலரை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இது எனக்கு வேணும்டா," என்றாள். "இரவல் இல்ல. எனக்கே வேணும்."

மகன் ஒயரை விட்டான்.

"முதல்ல போய் சேவ் பண்ணும்மா," என்றான்.