ஐம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவே

என் அக்கா மருத்துவமனையில் சீட்டு எழுதுகிறவள். நாள் முழுக்க நோயாளிகளிடம் பெயரும் வயதும் கேட்டுக் கேட்டு, முகத்தைப் பார்த்தே இவருக்கு இன்ன நோவு என்று சொல்லிவிடுவாள். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். அதுதான் வினையே.

எங்கள் அண்ணன் வெளிநாட்டு வேலைக்குப் போனபோது, டிவியில் மாட்டி ஓட்டும் தன் பழுப்பு நிறக் கம்ப்யூட்டரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனான். அங்கே போய் அதே மாடலை வாங்கிக்கொண்டான். கடிதம் எழுத மகா சோம்பேறி. மாசம் ஒரு பாட்டு அதில் அமைத்து, கேசட்டில் ஏற்றித் தபாலில் அனுப்புவான். சாதா டேப்பில் போட்டால் வெறும் இரைச்சல்தான் வரும்; நாங்கள் இங்கே வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுக் கேட்போம். ஒவ்வொரு பாட்டும் காலை இழுத்து இழுத்து நடக்கும். "பிள்ளை அங்க நொந்துபோய்க் கிடக்கான்டி" என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொள்வாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. கிளம்பி வந்துவிடு என்று கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டாள். இரண்டே வருஷத்தில் அவன் பெட்டியோடு வந்து நின்றான்.

அதற்குள் வீட்டு மெஷின் புகைந்து போயிருந்தது. அவன் கொண்டுவந்தது இங்குள்ள மின்சாரத்துக்கு ஒத்துவராதாம். தூக்கிப் பரணில் போட்டவன் அப்புறம் தொடவே இல்லை. ஒரு ரேடியோ கடையில் வேலைக்குச் சேர்ந்தான், கல்யாணம் வேண்டாம் என்றான், போன வருஷம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான்.

அன்றிலிருந்து அக்காவுக்கு ஒரே ஏக்கம். அவன் பாட்டை இன்னொரு தடவை கேட்க வேண்டும். போட்டோ இருக்கிறதே, பார்த்துக்கொள் என்று எரிந்து விழுந்தேன். போட்டோ பேசுமா என்றாள். எனக்கும் அவன் நினைப்பு தாங்கவில்லை, அதை அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டி வந்தேன். அவர் பரணிலிருந்ததை இறக்கி, தூசி தட்டி, ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, அண்ணன் அனுப்பிய பழைய கேசட் ஒன்றைப் போட்டு ஓட்டினார். திரையில் படம் நிற்காமல் உருண்டது. பாட்டுக்குப் படம் எதற்கு?

பாட்டு வந்தது. துள்ளிக்கொண்டு வந்தது. என்னை அறியாமல் என் கால் தாளம் போட்டது. இது வேறு கேசட் என்றாள் அக்கா. அட்டையில் இருந்தது அண்ணன் கையெழுத்து.

மெக்கானிக் பொறுமையாக விளக்கினார். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுதானாம். ஆனால் இங்கே விற்றது நொடிக்கு ஐம்பது படம் போடும், அங்கே விற்றது அறுபது. படத்துக்கு ஒரு அடியாகப் பாட்டு நகர்வதால், அங்கே ஓடுவது இங்கே நடக்கும், சுருதியும் கொஞ்சம் இறங்கும். அண்ணன் அமைத்தது இப்போது கேட்ட வேகத்தில்தான்.

அக்கா கேசட் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அவ்வளவு சந்தோஷமா இருந்தவன், அப்புறம் ஏன்டி வந்தான்?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"நீ கூப்பிட்டியேக்கா."